சாமியா, சீனியா?

எங்கள் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் நான் எழுதிய தாள் ஒன்றை அம்மா காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். நோன்பு மாதத்தில் சீனி நோய்க்கான மாத்திரையை எந்த நேரத்தில், எத்தனை சாப்பிட வேண்டும் என்று சொல்லும் தாள் அது. எங்கள் கிளினிக்கில் முதலில் மலாயில் மட்டும் இருந்தது. ஜார்ஜ்டவுனில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் நிறையப் பேர் எங்களிடம் மருந்துக்கு வருகிறார்கள். அவர்களுக்காக நான் அதைத் தமிழில் எழுதினேன். ஒரு நிலா, ஒரு சூரியன், பக்கத்தில் மாத்திரைப் படங்கள். நாங்கள் முஸ்லிம்கள் இல்லை.

"இத ஏம்மா இங்க ஒட்டுறீங்க?"

"எம்மவன் எழுதுனது. ஒட்டக் கூடாதா?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்தவன் நான்தான் முதல். அம்மா தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை போனவர். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். நிபோங் திபால் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார், வாரக் கடைசியில்தான் ஜெலுத்தோங் ஃபிளாட்டுக்கு வருவார். நான் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்துவிட்டு அரசாங்க கிளினிக்கில் மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தபோது, அம்மா அதே கிளினிக்கின் பழைய நோயாளி. என் ஜன்னலுக்கு முன்னால் நம்பர் சீட்டுடன் வரிசையில் நிற்பார். முறை வந்ததும் என்னை "சார்" என்று கூப்பிட்டுச் சிரிப்பார்.

நான் படிக்கப் போன நாளில் அம்மா ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். எனக்கு வேலை கிடைத்தால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகனுக்கு மூன்று வருஷம் பால்குடம். முதல் இரண்டு வருஷமும் இருபத்தொரு நாள் விரதம் இருந்து எடுத்தார், ஒரு குறையும் இல்லை. மூன்றாவது வருஷத்துக்கு முன்னால் அவருடைய சீனி ஏறிவிட்டது. பழைய மாத்திரையோடு புதிதாக ஒரு சின்ன வெள்ளை மாத்திரையும் சேர்ந்தது, காலையில் இரண்டு, மாலையில் ஒன்று. அது சீனியை வேகமாக இறக்கும். சாப்பாடு இல்லாமல் விழுங்கினால் ஆபத்து. இதை நான்தான் கவுண்டரில் அம்மாவுக்கு விளக்கினேன். விரதம் வருகிறதே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

விரதத்தின் ஆறாம் நாள் காலை. அம்மா வேலைக்குப் போகும் கம்பெனி பஸ் ஜெலுத்தோங்கில் ஆளேற்றிக்கொண்டு பாயான் லெப்பாஸ் நோக்கிப் போகும். அவர் பக்கத்து இருக்கையில் தினமும் ஒரு மலாய் அக்கா உட்காருவார். பதினைந்து வருஷமாக இருவருக்கும் தொழிற்சாலையில் ஒரே லைனில் வேலை. அன்று அம்மா பேச்சுக்குப் பதில் சொல்லவில்லை. சொன்ன ஒன்றிரண்டு வார்த்தையும் குழறியது. சட்டை முழுக்க வேர்வை. அந்த அக்காவின் புருஷனுக்கும் சீனி உண்டு, அதனால் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. டிரைவரைப் பார்த்து, "குலா தூருன்! சீனி எறங்கிருச்சு, நிறுத்து!" என்று கத்திவிட்டு, தன் புட்டியில் இருந்த இனிப்பான தேத்தண்ணியை அம்மாவின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டியிருக்கிறார்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்து ஒரு கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா சாப்ட்டீங்க? மாத்திரைய எப்படிப் போட்டீங்க?"

"நீ எழுதுன மாதிரிதான்."

எனக்கு விளங்கவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். நிலா படத்துக்கு நேரே இரண்டு மாத்திரை போட்டிருந்தது, அதனால் இருட்டியதும் இரண்டு. விடிவதற்கு முன்னால் அரை மாத்திரை போட்டிருந்தது, அதனால் எழுந்ததும் அரை. எல்லாம் சரிதான். ஆனால் நோன்பு திறக்கிறவர்கள் இருட்டியதும் வயிறாரச் சாப்பிடுவார்கள், விடிவதற்கு முன்னாலும் சாப்பிடுவார்கள். அம்மாவின் விரதத்தில் மத்தியானம் ஒரு வேளைதான் சோறு. ராத்திரிக்கு ஒரு கிளாஸ் பால், ஒரு வாழைப்பழம். காலையில் வெறும் கருப்புக் காப்பி. சாப்பாடு இல்லாத இரண்டு நேரத்திலும் மாத்திரையை விழுங்கிவிட்டு, சாப்பிடுகிற ஒரே நேரத்தில் ஒன்றும் போடாமல் இருந்திருக்கிறார். என் தாளில் மாத்திரை இருந்தது, நேரம் இருந்தது. தட்டு இல்லை.

"அது முஸ்லிம்களுக்கு எழுதுனதும்மா!"

"தெரியும்லா. பசிக்கு மதம் இருக்கா? விரதத்துக்குன்னு நீ ஒண்ணும் எழுதல. இருக்கிறத வச்சுப் பாத்துக்கிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா என்னா சொல்லுவ? விரதம் இருக்காதன்னு சொல்லுவ."

ஆமாம், அதைத்தான் சொல்லியிருப்பேன். அன்றைக்கும் அதையேதான் சொன்னேன், டாக்டரும் சொன்னார். அந்த வருஷம் பால்குடம் எடுக்கவில்லை. பூசத்தன்று அம்மா வீட்டில் இருந்த துணியை எல்லாம் எடுத்துப் போட்டுத் துவைத்தார். துவைத்த துணியையும் இன்னொரு முறை துவைத்தார். சாயங்காலம், "அடுத்த வருஷம் எடுப்பேன். நீ தடுத்தா மறைச்சு இருப்பேன். உன்கிட்ட மறைக்க எனக்குத் தெரியாதா?" என்றார்.

அவருக்குத் தெரியும். பதினெட்டு வயதுவரை என் பள்ளிச் செலவுக்கு எப்படிப் பணம் வந்தது என்பதையே எனக்குத் தெரியாமல் மறைத்தவர். அம்மாவைத் தடுக்க முடியாது. அப்படியானால் அவர் விழாமல் இருப்பதற்கு வழி தேட வேண்டும். இது எனக்கு முடியாத வேலை இல்லை என்று தோன்றியது.

என் முதல் முயற்சி வழக்கமான முயற்சிதான். மூன்று நாள் உட்கார்ந்து, தைப்பூச விரதமும் நீரிழிவும் என்று நான்கு பக்கம் எழுதினேன். நல்ல தமிழ். ஒரு பிழை கிடையாது. அம்மாவிடம் கொடுத்தேன். அவர் விரலை வைத்து முதல் வரியைப் படித்தார், நிறுத்தினார்.

"நீரிழிவு நோயாளிகள் விரதத்தைத் தவிர்ப்பதே நல்லதுன்னு ஆரம்பிச்சிருக்க. இதுக்கு மேல யாரு தம்பி படிப்பா?"

"அது ஒரு எச்சரிக்கைம்மா."

"எச்சரிக்கைதான். அத்தோட மடிச்சு வச்சிருவாங்க."

தாளை மடித்தும் காட்டினார்.

அதை எங்கள் டாக்டரிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். அவர் ஒரு சீன அம்மா, பாதி மலாய், பாதி ஆங்கிலம், நடுநடுவே "மருந்து சாப்ட்டாச்சா?" என்று ஒரு வரித் தமிழ். அவர் நோயாளிப் பதிவுகளைப் புரட்டிவிட்டு, "தை மாசம் வந்தா உங்க ஆளுங்க பாதிப்பேர் செக்கப் தவணைக்கு வர்றதில்லை. நான் மறதின்னு நினைச்சேன்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ எழுதாதே. விரதம் இருக்கிறவங்களைக் கூப்பிடு. அவங்க எழுதட்டும், நாம மருந்துக் கணக்கை மட்டும் பார்ப்போம்" என்றார்.

கவுண்டரில் மருந்து கொடுக்கும்போதே மெதுவாகக் கேட்டுக் கேட்டு ஆறு பேரைச் சேர்த்தேன். ஒரு புதன்கிழமை மத்தியானம், கூட்டம் குறைந்த பிறகு, கிளினிக் மாடியில் உட்கார வைத்தோம். அம்மாவும் வந்திருந்தார். வேலை நாள் என்பதால் அரை நாள் லீவு போட்டுவிட்டு, கோயிலுக்குக் கட்டும் சேலையில் வந்தார்.

விரதத்தில் மருந்து எப்படி என்று டாக்டர் கேட்க, நான் தமிழில் சொல்ல, "எல்லாம் ஓகே டாக்டர்" என்று ஆறு பேரும் வரிசையாகத் தலையாட்டினார்கள். ஊசி அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் முகங்கள். அப்போது டாக்டர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். சீனர்களின் ஒன்பது நாள் சாமிப் பண்டிகைக்கு அவர் சுத்த சைவமாக இருப்பாராம், அவருக்கும் சீனியாம். "அந்த ஒன்பது நாளும் மருந்தை நிறுத்திடுவார். என்கிட்ட சொல்லமாட்டார். நான் டாக்டர், அதுவும் சொந்த மகள்!" நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் ஜெலுத்தோங்கில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன் சிரித்துவிட்டார்.

"அப்ப சொல்லிர்றேன் டாக்டர். நான் இருபத்தொரு நாளும் ஒண்ணையும் தொடுறதில்ல. அந்த டப்பா மருந்துல மாட்டுக் கொழுப்பு இருக்குன்னு ஒருத்தன் சொன்னான்."

"எல்லாத்துலயும் இல்லண்ணே. கேப்சூல் மாத்திரை சிலதோட மேல்கூட்டுலதான் மாட்டுச் சத்து இருக்கும். நீங்க சாப்பிடுறதுல கிடையாது" என்றேன்.

"இத ஏன்யா இத்தன வருஷமா சொல்லல?"

"நீங்க கேக்கல."

"நீ கேட்டியா, நான் எதுக்கு நிறுத்துறேன்னு?"

கேட்டதில்லை. மருந்தைப் பையில் போட்டு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று சொல்லி, அடுத்த நம்பரைக் கூப்பிட்டிருக்கிறேன்.

அதன்பிறகு பேச்சு நிற்கவில்லை. விரதத்தில் ஏன் விரலைக் குத்திச் சீனி பார்ப்பதில்லை என்று அம்மாவைக் கேட்டேன். வீட்டில் அந்தக் கருவியை வாங்கிக் கொடுத்தவன் நான். "சாமி மாடத்துக்குப் பக்கத்துல ரத்தம் சிந்தக் கூடாதில்ல, தீட்டு" என்றார்.

பட்டறை அண்ணன் விடவில்லை. "அது சரி! ஊரே கன்னத்துல வேல் குத்திக்கிட்டுப் போவுது. உங்களுக்கு ஒரு சொட்டு தீட்டாக்கா?"

"வேல் குத்துனா ரத்தம் வராது."

"அப்ப முருகா முருகான்னு விரலக் குத்துங்க. வராதா பாப்போம்."

அம்மா அவரை முறைத்தார், ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில், குளிப்பதற்கு முன்னால் குத்திக்கொண்டு அப்புறம் குளித்தால் தீட்டு இல்லை என்று அவரே ஒரு தீர்ப்பு சொன்னார். அதற்கு என் படிப்பில் விடை இல்லை. அவரிடம் இருந்தது.

கெப்பாலா பத்தாஸ் ஊர்க்கார அக்கா ஒருவர் இருந்தார். ஜார்ஜ்டவுனில் மகள் வீட்டோடு தங்கியிருப்பவர். அவர் கையைத் தூக்கிவிட்டுச் சொன்னார்.

"போன வருஷம் வெள்ளிக்கிழம பூசையில எனக்குக் கை காலெல்லாம் நடுங்குச்சு. வேர்த்து ஊத்துது, கண்ணு இருட்டுது. சுத்தி நின்னவங்க சாமி வந்திருச்சுன்னு விபூதியப் பூசி வாக்கு கேக்குறாங்க. எனக்கு நாக்கு குழறுது. என்னமோ உளறியிருக்கேன். ஒருத்தி அத லாட்டரிக்கு நாலு நம்பரா எழுதிக்கிட்டுப் போயிட்டா."

"அடிச்சிச்சா?" என்றார் பட்டறை அண்ணன்.

"எங்க அடிச்சிச்சு! இப்பவும் என்னப் பாத்தா மொறைக்கிறா."

மேசை குலுங்கச் சிரித்தோம். நான் டாக்டருக்குச் சொன்னேன், அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். நடுக்கம், வேர்வை, குழறல் மூன்றையும் என் பக்கம் விரலை மடக்கி எண்ணிக் காட்டினார். பஸ்ஸில் அம்மாவுக்கு இருந்ததும் அதுதான். அம்மா பக்கத்தில் இருந்த மலாய் அக்காவுக்கு அது சீனி என்று தெரிந்தது. கோயிலில் இருந்திருந்தால் அம்மாவுக்கும் விபூதிதான் பூசியிருப்பார்கள்.

"அப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று அம்மா கேட்டார். "நெஜமாவே சாமி வர்றதும் உண்டுல்ல. சாமியா, சீனியா?"

விரலைக் குத்திப் பாருங்கள், எங்கள் ஊர்க் கருவியில் நாலுக்குக் கீழே என்றால் சீனி இறங்கிவிட்டது, இனிப்பு குடியுங்கள் என்றார் டாக்டர். என்ன குடிப்பது? டின் பானம் விரதத்துக்கு ஆகாது என்றார்கள். கடையில் விற்கும் குளுக்கோஸ் மாத்திரையை ஒருவரும் நம்பவில்லை. அம்மாதான் பானகம் என்றார். வெல்லம், தண்ணீர், எலுமிச்சை, ஏலம். சாமிக்கே படைப்பது. விரதத்தில் அதைக் குடித்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

"சாமின்னா பானகம் குடிச்சதும் ஓடிப் போயிருமா? நிக்கட்டும். சீனின்னா சரியாயிரும்" என்றார் அம்மா.

டாக்டர் மலாயில் இரண்டு முறை கேட்டுவிட்டு, மூன்று தேக்கரண்டி சீனிக்குச் சமமான வெல்லம் ஒரு புட்டியில் இருக்க வேண்டும் என்றார். அடுத்த வாரம் நான் தராசில் வெல்லத்தை நிறுத்துச் சின்னப் புட்டியில் கலந்து கொண்டுபோனேன். ஆறு பேரும் குடித்துப் பார்த்தார்கள். ஏலம் போதவில்லையாம்.

நான்கு முறை கூடினோம். நான்கு பக்கம் ஒரே அட்டையாகச் சுருங்கியது. அதில் நிலாவும் இல்லை, சூரியனும் இல்லை. மூன்று தட்டுகள் இருந்தன. முழுச் சோற்றுத் தட்டு, பாலும் பழமும் உள்ள தட்டு, காலித் தட்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம். எந்தத் தட்டுக்கு எத்தனை மாத்திரை என்று டாக்டர் ஆளைப் பார்த்துத் தன் கையால் எழுதுவார். ஒருவர் அட்டை இன்னொருவருக்கு ஆகாது என்பதைச் சிவப்பில் போட்டோம். முதல் வரி அம்மா சொன்னது. "விரதம் இருக்கப் போகிறீர்களா? ஒரு மாதம் முன்னாலேயே வந்து சொல்லுங்கள், திட்ட மாட்டோம்." அந்தக் கடைசி வார்த்தை வேண்டுமா என்று நான் தயங்கினேன். பட்டறை அண்ணன், "அது இல்லன்னா நான் வரமாட்டேன்" என்றார். வைத்தோம்.

அடுத்த தைப்பூசம் வந்தது. அம்மா ஒரு மாதம் முன்னாலேயே நம்பர் சீட்டு எடுத்து டாக்டரைப் பார்த்து அட்டையை நிரப்பிக்கொண்டார். நான் கூடப் போகவில்லை. போகக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். பூசத்துக்கு முந்தைய இருபது நாள் விரதமும் ஒரு நோட்டில் எண்களாக நின்றது, அம்மாவின் கோணல் எழுத்தில். இரண்டு நாள் சீனி இறங்கியிருந்தது. இரண்டு நாளும் பக்கத்தில் "பானகம்" என்று எழுதியிருந்தார்.

பூசத்தன்று காலை மஞ்சள் சேலையில் பால்குடத்தைத் தலையில் வைத்து நடந்தார். அன்று அந்தச் சின்ன மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் எழுதியிருந்தார். அப்பா பின்னால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார், பையில் கருவியும் மூன்று புட்டிப் பானகமும். நான் பக்கத்தில். வெயில் ஏறிவிட்டது. தண்ணீர்ப் பந்தல்களில் பாட்டு அலறியது, உறுமி அடித்தது. மலைக்குப் போகும் சாலை திரும்புகிற இடத்தில் அம்மாவின் நடை மாறியது. கை நடுங்கியது. நெற்றியில் இருந்த விபூதி வேர்வையில் ஒழுகியது.

நான் கவனிப்பதற்கு முன்பே பக்கத்தில் வந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள். "சாமி வந்திருச்சு! வேல் வேல்!" உறுமிக்காரர் அம்மாவுக்கு நேராக வந்து வேகமாக அடிக்க ஆரம்பித்தார். ஒரு பெண் கையைக் கூப்பி, "தாயே, எம்மவளுக்கு எப்ப கல்யாணம் கூடும்?" என்று கேட்டார். நான் அம்மாவை நோக்கிக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனேன். வாயைத் திறப்பதற்குள் அம்மா அப்பாவைப் பார்த்துச் சொன்னார், குழறலாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி.

"கொடத்தப் பிடிங்க. சாமி இல்ல, சீனி. என்ன உக்கார விடுங்க."

கேட்ட பெண்ணுக்கு முகம் விழுந்துவிட்டது. உறுமி நின்றது. பால்குடத்தைத் தரையில் வைக்கக் கூடாது. அப்பா அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒரு சொட்டும் சிந்தாமல் நின்றார். லாரி ஓட்டுகிற கை. பந்தலில் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். அம்மா நடுங்கும் கையாலேயே தன் விரலைக் குத்தினார். மூன்று புள்ளி ஐந்து. அன்று மாத்திரை இல்லாவிட்டாலும், முந்தின நாள் மாத்திரையும் வெறும் வயிற்று நடையும் சேர்ந்து இறக்கியிருந்தன. நான் புட்டியின் மூடியைத் திறந்தேன், அவ்வளவுதான் என் வேலை. அவர் குடித்தார்.

பதினைந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்பது அட்டையில் இருக்கிறது. நான் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டாவது நிமிஷத்தில் வேர்வை நின்றது. பத்தாவது நிமிஷத்தில், "என்னங்க, கொடம் கனக்குதா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"கனக்கல. நீ மொதல்ல எந்திரிக்கிற வழியப் பாரு" என்றார் அப்பா. கைகள் ஆடிக்கொண்டிருந்தன.

பதினைந்தாவது நிமிஷம் மறுபடியும் குத்தினார். ஐந்து புள்ளி ஆறு. எண்ணை என்னிடம் காட்டினார். நான் அட்டையைப் பார்த்தேன். படியேறுவதற்கு முன்னால் ஏதாவது சாப்பிட வேண்டும் என்று அதில் இருந்தது. நான் சொல்வதற்கு முன்பே பையில் இருந்து வாழைப்பழத்தை எடுத்து உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏறலாமாம்மா?" என்று நான்தான் கேட்டேன்.

அவர் ஒரு காலில் நின்று பார்த்தார், மறு காலில் நின்று பார்த்தார். "ஏறலாம். பாதியில ஒரு தடவ குத்திப் பாப்போம்."

கல்யாணம் கேட்ட பெண் இன்னும் அங்கேயே நின்றிருந்தார். அம்மா போகிற போக்கில் அவர் கையைப் பிடித்து, "ஒங்களுக்கும் சீனி இருக்காம்மா?" என்று கேட்டார். அவர் மெல்லத் தலையாட்டினார். "எந்தக் கிளினிக்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் என்னைக் காட்டி, "அந்தத் தம்பிகிட்ட ஒரு அட்ட வாங்கிக்கிங்க" என்றார். நான் பையில் இருந்த இன்னொரு அட்டையை எடுத்துக் கொடுத்தேன். கட்டங்கள் வெற்றாக இருந்தன. உங்கள் டாக்டர்தான் நிரப்ப வேண்டும் என்று சொன்னேன். மறுபடி தொடங்கியிருந்த உறுமிச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதா தெரியாது. அட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, சரியாகத் திருப்பிப் பிடித்தார்.

அம்மா படிகளில் பாதியில் நின்று குத்திப் பார்த்தார். ஆறு. நோட்டு பையில் இருந்தது, அப்பாவிடம் வாங்கிச் சுவரில் வைத்து அந்த ஆறை எழுதினார். பின்னால் வந்தவர்கள் வழி விடச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். எழுதி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

மேலே பால் ஊற்றிய பிறகு காலிக் குடத்தை என் கையில் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்த பானகத்தில் ஒரு புட்டியை அப்பாவுக்குக் கொடுத்தார்.

"இதுல ஏலம் கம்மி" என்றார் அப்பா.